சின்னமனூர்ச் செப்பேடும் ஒரு பாண்டியனின் அம்மா பெயரும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்றலாம் என்று சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே வந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, எங்கள் தாத்தா தனக்குத் தானே பேரன் என்று திரையில் வந்து நின்றது!

காரணம் எளிது. எங்கள் பக்கம் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே. பூட்டனுக்கும் தாத்தாவுக்கும் நடுவே ஒரு தலைமுறை விட்டு ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. என் நிரல் ஒரே பெயரைக் கண்டதும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டது. இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் செய்கிற தப்பா இது என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிறகுதான் தோன்றியது, இதே சிக்கலில் பாண்டியர் வரலாறும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரில் கிடைத்த ஒரு செப்பேட்டை வைத்து. அந்தச் செப்பேட்டை வெளியிட்ட ராஜசிம்மன் என்ற பாண்டியனைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

செப்பேடு என்ன சொல்கிறது?

சின்னமனூரில் இரண்டு பாண்டியர் செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. சிறியது, பெரியது என்று பிரித்துச் சொல்வார்கள். இரண்டுமே 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. நமக்கு வேண்டியது பெரியது. அதில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கிறது. மதுரையில் சங்கம் வைத்தது, மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியது எல்லாம் பாண்டியரின் பழம்பெருமையாக வருவது இதில்தான்.

அடிப்படையில் இது ஒரு தானப் பத்திரம். அளநாட்டில் இருந்த நற்செய்கைப்புத்தூர் என்ற ஊருக்கு மந்தரகௌரவமங்கலம் என்று புதுப் பெயர் வைத்து, ஓர் அந்தணருக்குக் கொடுத்த செய்தி. அளநாடு என்பது நம் கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி. சின்னமனூருக்கே கல்வெட்டுகளில் அரிகேசரிநல்லூர் என்று பெயர். மந்தரகௌரவன் என்பது ராஜசிம்மனின் பட்டப்பெயர்.

இன்றைக்கும் கிரயப் பத்திரத்தில் "இன்னாருடைய மகன் இன்னார்" என்று எழுதித்தானே ஆரம்பிக்கிறோம்? அதேபோல, கொடுக்கிறவன் யார், அவன் அப்பா யார், பாட்டன் யார் என்று செப்பேடும் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசை இது: அரிகேசரி பராங்குசன், சடிலன், ராஜசிம்மன், வரகுணன், ஸ்ரீமாறன், இன்னொரு வரகுணன், அவன் தம்பி பராந்தக வீரநாராயணன், கடைசியாக வீரநாராயணனின் மகன் ராஜசிம்மன். இவன்தான் நம் ஆள்.

ஒரே பெயர், எத்தனை ஆள்?

இவனைச் சில புத்தகங்கள் இரண்டாம் ராஜசிம்மன் என்கின்றன, சில மூன்றாம் ராஜசிம்மன் என்கின்றன. முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். அப்படி இல்லை.

இதற்கு முன்னால் வந்த வேள்விக்குடிச் செப்பேடு இன்னொரு வரிசை தருகிறது. அதன் கடைசி நான்கு பேர்: அரிகேசரி மாறவர்மன், கோச்சடையன் ரணதீரன், தேர்மாறன் ராஜசிம்மன், நெடுஞ்சடையன். இந்த இரண்டு வரிசைகளையும் எங்கே ஒட்டவைப்பது என்பதுதான் பிரச்சினை.

முதல் வழி: அரிகேசரிக்கு அரிகேசரி, சடிலனுக்குக் கோச்சடையன், ராஜசிம்மனுக்குத் தேர்மாறன், வரகுணனுக்கு நெடுஞ்சடையன் என்று நேருக்கு நேர் பொருத்துவது. அப்படிச் செய்தால் நம் ஆள் இரண்டாம் ராஜசிம்மன்.

இரண்டாவது வழி: பட்டியலை இரண்டு படி கீழே தள்ளுவது. சின்னமனூர்ச் சடிலன்தான் வேள்விக்குடி நெடுஞ்சடையன் என்று வைத்துக்கொண்டால், அவனுக்குப் பிறகு ஒரு ராஜசிம்மனும் தனியாக ஒரு வரகுணனும் புதிதாக முளைப்பார்கள். நம் ஆள் மூன்றாம் ராஜசிம்மன் ஆகிவிடுவான். ஒரு வழியில் இரண்டு ராஜாக்கள் அதிகம், இன்னொரு வழியில் குறைவு. என் நிரல் செய்த தப்பும் இதுவே: ஒரே பெயரில் இருவரை ஒருவர் ஆக்குவது, அல்லது ஒருவரை இருவர் ஆக்குவது.

எப்படித் தீர்ப்பது? பெயரை விட்டுவிட்டுத் தேதியைப் பிடிக்க வேண்டும். இரண்டு இடங்களில் கெட்டியான தேதி கிடைக்கிறது. மதுரை ஆனைமலைக் கல்வெட்டில் கலி ஆண்டு 3871, அதாவது கி.பி. 770. அது நெடுஞ்சடையன் காலம். பழனி பக்கம் ஐவர்மலைக் கல்வெட்டில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. அது இரண்டாம் வரகுணனின் 8ஆம் ஆட்சி ஆண்டு என்கிறது. எனவே அவன் பட்டத்துக்கு வந்தது 862. இந்த இரண்டு ஆணிக்கும் நடுவே சுமார் 90 வருஷம். நெடுஞ்சடையனும் முதல் வரகுணனும் ஒருவரே என்றால், அவனும் அவன் மகன் ஸ்ரீமாறனும் சேர்ந்து அதை நிரப்ப வேண்டும். நீண்ட ஆட்சிகள்தான், ஆனால் நடக்காத காரியம் இல்லை. நீலகண்ட சாஸ்திரியும் பிற்பாடு எழுதிய தென்னிந்திய வரலாற்றில் இருவரையும் ஒருவராகவே வைத்தார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பாண்டியர்களும் நம்மைப் போலத்தான். மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மாறி மாறி வரும். வரகுணனின் பேரன் வரகுணன். குழப்பத்துக்குக் காரணமும் இந்த வழக்கம், குழப்பத்தை அவிழ்க்க உதவுகிற நூலும் இதே வழக்கம்.

சொல்லாமல் விட்டது

செப்பேட்டில் தோல்வியே கிடையாது. ராஜசிம்மனின் பாட்டன் ஸ்ரீமாறன் குண்ணூரில் வென்றான், விழிஞத்தில் வென்றான், சிங்களத்தில் வென்றான், குடமூக்கில் (இன்றைய கும்பகோணம்) கங்கர், பல்லவர், சோழர் எல்லோரையும் வென்றான் என்று போகும்.

இலங்கையின் சூளவம்சத்தைத் திறந்தால் மீதிக் கதை இருக்கிறது. பாண்டியன் அனுராதபுரத்தைச் சூறையாடியது உண்மை. ஆனால் பிறகு இரண்டாம் சேனன் அனுப்பிய படை மதுரையையே பிடித்தது, வேறொரு பாண்டிய இளவரசனுக்கு முடி சூட்டிவிட்டுப் போனது என்கிறது அது. தெள்ளாற்றில் ஸ்ரீமாறன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனிடம் தோற்றதும் செப்பேட்டில் வராது. இரண்டாம் வரகுணன் திருப்புறம்பியத்தில் அடிவாங்கியதும் வராது.

அதைவிட ஆச்சரியம் செப்பேட்டின் காலம். அது ராஜசிம்மனின் 16ஆம் ஆட்சி ஆண்டில் வெளியானது. அவன் பட்டத்துக்கு வந்தது 900 என்று கொண்டாலும் சரி, 905 என்று கொண்டாலும் சரி, செப்பேட்டின் காலம் 915க்குப் பிந்தியதாகிறது. சோழன் முதல் பராந்தகனோ 910 வாக்கிலேயே 'மதுரை கொண்டவன்' என்று தன்னை அழைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டான்! வீடு பற்றி எரிகிற நேரத்தில்தான் ராஜசிம்மன் தன் ஏழு தலைமுறைப் பெருமையைச் செம்பில் வெட்டச் சொல்லியிருக்கிறான். தஞ்சை மன்னனை வென்றதாகவும் அதில் வருகிறது. ஓரிரு சண்டைகளில் ஜெயித்திருக்கவும் கூடும். ஆனால் கடைசியில் ஜெயித்தது தஞ்சைதான்.

அம்மா வீடு

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜசிம்மன் இலங்கை மன்னன் ஐந்தாம் கஸ்ஸபனிடம் உதவி கேட்டான். சிங்களப் படை வந்தது. வெள்ளூரில் பாண்டியரும் சிங்களரும் சேர்ந்து நின்றும் பராந்தகனிடம் தோற்றார்கள். சிங்களத் தளபதி கொள்ளைநோயில் இறந்தான், படை திரும்பிப் போனது. கொஞ்ச காலம் கழித்து ராஜசிம்மனே கப்பலேறி இலங்கைக்குப் போனான். அங்கே அப்போது தப்புலன் ஆட்சி. மன்னனுக்கு உதவ மனசு இருந்தது, ஆனால் அவனுடைய ஆட்களுக்குள்ளேயே சண்டை. இனி பயனில்லை என்று தெரிந்ததும் பாண்டியன் தன் மணிமுடியையும் மற்ற அரச சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான்.

ஏன் கேரளம்? இதைத்தான் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டிருந்தேன். பதில் சின்னமனூர்ச் செப்பேட்டிலேயே இருக்கிறது. ராஜசிம்மனைச் சொல்லும் இடத்தில் அவன் அப்பா பெயரோடு அம்மா பெயரும் வருகிறது: வானவன்மாதேவி. வானவன் என்றால் சேரன். அவள் சேர நாட்டுப் பெண். அதாவது, எல்லாம் போன பிறகு அவன் போய்ச் சேர்ந்தது அம்மா பிறந்த நாட்டுக்கு.

செப்பேட்டில் இருக்கிற போர்ப் பெயர்கள் எதுவும் அவன் முடிவை விளக்கவில்லை. விளக்குவது அந்த ஒரே ஒரு பெண் பெயர்தான்.

மணிமுடியின் கதை அதோடு முடியவில்லை. பராந்தகன் அதைக் கேட்டுப் படை அனுப்பினான். நான்காம் உதயன் முடியோடு உரோகணத்துக்கு ஓடிவிட்டான், கிடைக்கவில்லை. ஏறத்தாழ எழுபது வருஷம் கழித்து முதலாம் ராஜேந்திரன்தான் அதைக் கைப்பற்றினான், தன் மெய்க்கீர்த்தியிலும் சொல்லிக்கொண்டான். மதுரையை மீட்கப் பிறகு போராடிய வீரபாண்டியன் ராஜசிம்மனின் மகன் என்பது பொதுவான கருத்து.

சின்னமனூர் பூலாநந்தீஸ்வரர் கோயில் தலபுராணத்திலும் ஒரு ராஜசிம்ம பாண்டியன் வருகிறான். புராணத்தில் எண் கிடையாது, வெறும் ராஜசிம்மன்தான். ஊர் வாயில் அது போதும்.

சரி, என் நிரலுக்கு வருகிறேன். பெயரை வைத்து ஆளை அடையாளம் காண்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனி எண்ணும், தெரிந்த ஒரு வருஷமும் கொடுத்தேன். கோளாறு சரியாகிவிட்டது. அதன் பிறகு திரையைப் பார்த்தால் ஐந்து தலைமுறையில் 'தாய்' என்ற கட்டம் பெரும்பாலும் காலி. அப்பாவிடம், "உங்க அப்பத்தா பேர் என்னப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பத்தான்னுதான்டா கூப்பிடுவோம்" என்றார்.

அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்குத் தெரிந்திருந்தது. பெயர் மட்டுமில்லை, எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள், ஒரு பஞ்ச காலத்தில் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போய் இருந்தாள் என்பதுவரை சொன்னார். தாத்தா ஏன் சின்ன வயசில் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அத்தைக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மீதிக் கட்டங்களையும் நிரப்பிவிட வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தை இருந்தால் ஒரு போன் போட்டுவிடுங்கள்.