அழிச்சுடாதீங்க அக்கா, அதுதான் சாட்சி!



போனில் மிரட்டலோ அசிங்கமான செய்தியோ வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வீட்டில் யாரும் பார்த்துடக் கூடாதேன்னு உடனே அழித்து விடுகிறோம். பிறகு புகார் கொடுக்கப் போனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருப்பதில்லை. பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் நாம், போனில் உள்ள சாட்சியை மட்டும் ஏன் தொலைக்கிறோம்?

நமது சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், 2025 ஜூன் மாதம், நகைத் திருட்டுப் புகாரில் போலீசார் விசாரித்த கோயில் காவலாளி இறந்து போனார். அவரை அடித்ததை ஒருவர் மறைந்திருந்து போனில் படம் பிடித்திருந்தார். அந்த வீடியோ உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய்ப் பேசியது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக மாஜிஸ்திரேட் தமது அறிக்கையில் சொன்னார். கேமரா இருந்தும் பயனில்லை!

2020 டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம், காவல் நிலையக் கேமரா பதிவுகளை 18 மாதமும், அதற்கு வசதியில்லாவிட்டால் குறைந்தது 1 வருடமும் வைத்திருக்க உத்தரவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை:

1. செய்தி, போட்டோ, வீடியோ எதையும் அழிக்காதீர்கள். அனுப்பியவர் எண், தேதி, நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

2. வாட்ஸ்அப்பில் மாற்றி அனுப்பினால் வீடியோவின் தரம் குறையும். எனவே முதலில் பதிவான போனையே பத்திரப்படுத்துங்கள். விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

3. வழக்கு வருடக்கணக்கில் நடக்கலாம். பென்டிரைவ் கெட்டுப் போகும். இரண்டு பிரதி எடுத்துத் தனித்தனி இடத்தில் வையுங்கள்.

4. கடைக் கேமராவில் இடம் நிறைந்ததும் பழைய பதிவு போய்விடும். புகாரிலேயே இடம், தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

5. கோர்ட்டில் பிரதியைக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்று வேண்டும். அதில் 'ஹாஷ்' எண் இருக்கும். அது பதிவின் கைரேகை மாதிரி. பதிவில் சிறிது மாறினாலும் எண் மாறிவிடும். வக்கீலிடம் கேளுங்கள்.

பண மோசடிக்கு 1930, பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வெட்கம் நமக்கில்லை, தப்பு செய்தவனுக்குத்தான்!