வேலைப்பளு மட்டும் காரணமில்லை

ஆபீசில் யாருக்கு நெஞ்சுவலி வர வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் எல்லோரும் மேலதிகாரியின் அறையைத்தான் காட்டுவார்கள். பொறுப்பெல்லாம் அவர் தலையில்தானே? 1967-இல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இந்த நினைப்பைப் புரட்டிப் போட்டது. 17,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்ததில், மாரடைப்பு போன்ற இதயநோய்களால் இறந்தவர்களின் விகிதம் கடைநிலையில்தான் அதிகமாக இருந்தது. உயர் அதிகாரிகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரிய வித்தியாசம் மிச்சமிருந்தது.

மிச்சத்துக்கு ஒரு முக்கியக் காரணத்தை ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இல் முன்வைத்திருந்தார். வேலை அதிகம் என்பது மட்டுமே ஆளை நொறுக்குவதில்லை. வேலையும் அதிகம், அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு ஒரு சொல்லும் இல்லை என்ற நிலைதான் நொறுக்குகிறது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வும், வேலையில் பிடி குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுவதைக் காட்டியது.

நம் ஊர் ஜவுளிக்கடையையே பாருங்கள். ஆடி, தீபாவளி சீசனில் சேலை எடுத்துப்போடும் பெண் நாற்பது சேலையை விரித்துக் காட்டுவார், வாடிக்கையாளர் "வேற டிசைன் பார்க்கலாமா?" என்பார். முகம் சுளிக்கக் கூடாது. அத்தனையையும் மடித்து அடுக்க வேண்டும். அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிடுவார். கடையில் ஆளே இல்லாத மதிய நேரத்திலும் உட்கார அனுமதி இருக்காது. கால் வீக்கம் ஒரு பக்கம் என்றால், தன் உடம்பை எப்போது உட்கார வைப்பது என்பதுகூடத் தன் கையில் இல்லை என்பது இன்னொரு பக்கம். கேரளத்தில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பலனாக 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாடும் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. மன அழுத்தத்தைக் குறைக்க எந்த யோகா வகுப்பையும்விட அந்த நாற்காலி அதிகம் உதவும் என்பது என் கருத்து. நாற்காலி போட்டுவிட்டு உட்கார்ந்தால் முறைக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நெருக்கடி வந்ததும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசோலையும் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஆபத்து தீர்ந்ததும் அடங்கிவிட வேண்டிய ஏற்பாடு இது. தீராத நெருக்கடியில் அது சரியாக அடங்குவதில்லை. தூக்கம் கெடும், எரிச்சல் கூடும், சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துபோகும்.

ஆகவே தாங்கும் சக்தி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது அல்ல. இழந்த பிடியில் கொஞ்சத்தை மீட்பதும், உடம்பு அடங்க நேரம் கொடுப்பதும்தான். மூன்று வேலை ஒன்றாக வந்து விழுந்தால், "சார், இதுல எது முதல்ல வேணும்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் வாட்ஸ்ஆப்பில் இருந்தால் இன்னும் நல்லது. ஷிப்ட் முடிந்தபின் ஆபீஸ் குரூப்பை மியூட்டில் போடுங்கள். உடம்பு வீட்டில், மனது ஆபீசில் என்றிருந்தால் அது ஓய்வே இல்லை. கூட வேலை செய்பவர்களோடு டீ குடிக்கும் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். சகஊழியர் ஆதரவு இருக்கும் இடத்தில் அதே பளு குறைவாகத் தாக்குகிறது என்று கராசெக்குக்குப் பின் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் டியூட்டி சார்ட் மாறவும் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சக்தி வற்றி, வேலையே கசந்து, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றினால் அதை 'பர்ன்அவுட்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இதை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. அதாவது, குறை ஊழியரிடம் மட்டும் தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் லீவு போட்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசியில் சொன்ன எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.