சோனி கம்பெனியில் புகுந்தது யார்? எதற்காக?

2014-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி, திங்கட்கிழமை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய கல்வர் சிட்டியில், சோனி பிக்சர்ஸ் சினிமா கம்பெனியின் சிப்பந்திகள் வழக்கம்போல் வேலைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். திரையில் ஒரு சிவப்பு எலும்புக்கூடு தோன்றியது. கம்பெனியின் இரகசியங்கள் எல்லாம் தங்கள் கையில் இருப்பதாகவும், சொன்னபடி கேட்காவிட்டால் உலகத்துக்கு வெளியிடப் போவதாகவும் அதன் கீழ் ஒரு மிரட்டல். "அமைதியின் காவலர்கள்" என்று அந்தக் கும்பல் தனக்குப் பெயர் சூட்டிக் கொண்டிருந்தது.

அன்று போன கம்ப்யூட்டர்கள் பல நாட்களுக்குத் திரும்பவில்லை. ஏறக்குறைய பாதி இயந்திரங்களில் இருந்த விவரங்கள் துடைத்து அழிக்கப்பட்டு விட்டன. நிலவறைக் கிடங்கில் போட்டு வைத்திருந்த பழைய பிளாக்பெரி போன்களைத் தேடி எடுத்து மேலதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள். சம்பளப் பிரிவினர் செக் அச்சடிக்கும் பழைய மெஷினை வெளியே கொண்டு வந்து, காகிதச் செக்காகவே சம்பளம் பட்டுவாடா செய்தார்கள். நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் படுத்து விட்டால் பழைய லெட்ஜரைத் தூசி தட்டுகிறோமே, அதே கதைதான். ஹாலிவுட்டானாலும் குமாஸ்தாவின் கைவேலைதான் சமயத்துக்கு உதவியது.

வெளியான இரகசியங்கள்

திருடியவற்றைக் கும்பல் தவணை தவணையாக வெளியிட்டது. திரைக்கு வராத படங்கள் வந்தன. மேலதிகாரிகள் தங்களுக்குள் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிக் கொண்ட வம்புக் கடிதங்கள் வந்தன. ஒரே படத்தில் நடித்த ஆண் நடிகர்களைவிட நடிகை ஜெனிபர் லாரன்சுக்கு லாபத்தில் குறைந்த பங்கே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதும் இப்படித்தான் அம்பலமாயிற்று. பத்திரிகைகள் இவற்றையே பத்தி பத்தியாக எழுதித் தீர்த்தன.

அவ்வளவாகப் பேசப்படாத சேதி வேறொன்று. இப்போதைய சிப்பந்திகள், பழைய சிப்பந்திகள் என்று சுமார் 47,000 பேரின் சமூகப் பாதுகாப்பு எண்கள் அதில் சேர்ந்து போயின. அமெரிக்காவில் இந்த எண் இல்லாமல் வேலையும் கிடைக்காது, கடனும் கிடைக்காது. இன்னொருவன் கையில் அது சிக்கினால் நம் பெயரில் அவன் கடன் வாங்கலாம். எளிதில் மாற்றித் தரவும் மாட்டார்கள். கூடவே சம்பளப் பட்டியலும், சிலருடைய வைத்தியச் செலவு விவரங்களும் வெளியாயின. டிசம்பர் முதல் வாரத்தில் சிப்பந்திகளுக்கே நேராக ஒரு கடிதம் வந்தது. கம்பெனியைக் கண்டித்துக் கையெழுத்திட வேண்டும், தவறினால் குடும்பத்துக்கும் ஆபத்து என்று அது பயமுறுத்தியது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு சோதனை!

மூன்று ஊகங்கள்

செய்தவன் யார், நோக்கம் என்ன என்று ஆளுக்கொரு ஊகம் கிளம்பியது.

முதலாவது, பணம். சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பே, நவம்பர் 21-ந் தேதி, மேலதிகாரிகள் சிலருக்குப் பணம் கேட்டு ஒரு ஈ-மெயில் வந்திருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பணப் பேச்சே எழவில்லை. பணத்துக்காக வந்தவன் சரக்கை இலவசமாகக் கடை விரிப்பானா என்ற கேள்விக்கு இந்தக் கட்சிக்காரர்களிடம் பதில் இல்லை.

இரண்டாவது ஊகம்தான் கவனிக்கத் தக்கது. அந்த ஆண்டில் கம்பெனி ஆட்குறைப்பு செய்திருந்தது. எனவே வேலை இழந்த யாரோ வஞ்சம் தீர்த்து விட்டார்கள் என்றார்கள். அழிவு வேலை செய்த புரோகிராமுக்குள்ளேயே கம்பெனியின் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் எழுதப்பட்டிருந்தன. உள்ளே பழகியவனுக்கன்றி வேறு யாருக்கு இது தெரியும் என்று வாதித்தார்கள். ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் முன்னாள் சிப்பந்தி ஒருவரையே சந்தேகப் பட்டியலில் வைத்து, துப்பறியும் இலாகாவிடம் விவரமும் கொடுத்தது. இலாகா அதை ஏற்கவில்லை. பல வாரங்கள் வலைக்குள் சுற்றித் திரிந்த அந்நியனுக்கும் பாஸ்வேர்டுகள் கிடைக்கும் என்பதை இந்த நிபுணர்கள் ஏனோ யோசிக்கவில்லை. எந்த ஆபீசில் எது காணாமல் போனாலும் கடைசியாக வெளியேற்றப்பட்டவன் மேல்தான் முதல் பார்வை விழுகிறது. இதில் அமெரிக்கா, இந்தியா என்ற பேதம் கிடையாது போலிருக்கிறது.

மூன்றாவது, வட கொரியா. சோனி எடுத்திருந்த "தி இன்டர்வியூ" என்ற நகைச்சுவைப் படத்தில், டெலிவிஷன்காரர்கள் இருவரை அமெரிக்க வேவுத் துறை வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னைக் கொல்ல அனுப்புகிறது. உயிரோடு ஆட்சியில் இருப்பவரைப் பெயர் சொல்லியே கொல்லும் கதை. இதை வெளியிடுவது போருக்குச் சமம் என்று 2014 ஜூனிலேயே வட கொரியா எச்சரித்திருந்தது. ஆனால் கும்பலின் முதல் நாள் மிரட்டலில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்திரிகைகள் எழுதிய பிறகே, டிசம்பர் 8-ந் தேதி, படத்தை நிறுத்தச் சொன்னார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு இதுவே பெரிய ஆதாரமாயிற்று.

டிசம்பர் 16-ந் தேதி, படம் ஓடும் தியேட்டர்களைத் தாக்குவோம் என்று 2001 செப்டம்பர் 11 சம்பவத்தை நினைவூட்டி ஒரு மிரட்டல் வந்தது. தியேட்டர்காரர்கள் பின்வாங்கினார்கள், மறுநாளே சோனி படத்தை நிறுத்தியது. 19-ந் தேதி எஃப்.பி.ஐ. வட கொரியா மீது பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. சோனி செய்தது தவறு என்று அதே தினம் ஜனாதிபதி ஒபாமா கூறினார். பிறகு கிறிஸ்துமஸ் அன்று முந்நூறுக்கு மேற்பட்ட சிறிய தியேட்டர்களில் படம் வெளியாயிற்று. இன்டர்நெட்டிலும் விற்றார்கள். இவ்வளவு விளம்பரம் இல்லாவிட்டால் அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ!

வட கொரியா குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் செய்த காரியத்தை நல்ல காரியம் என்று பாராட்டவும் தவறவில்லை.

நோக்கம் தெளிவானது எப்படி?

2018 செப்டம்பர் 6-ந் தேதி அமெரிக்க நீதி இலாகா பார்க் ஜின் ஹியோக் என்ற வட கொரியப் புரோகிராமர் மீது குற்றச்சாட்டை வெளியிட்டது. அரசாங்கத்தின் முகமூடியாக இருந்த ஒரு கம்பெனியின் ஆள் அவர். சீனாவின் தாலியன் நகரில் தங்கிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவராம். அவரும் ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்தான்!

அந்தக் குற்றச்சாட்டுப்படி, 2014 இலையுதிர் காலத்திலேயே சோனி சிப்பந்திகளுக்கு விஷம் வைத்த ஈ-மெயில்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதே கும்பல் அந்தப் படத்தைத் திரையிட இருந்த தியேட்டர் கம்பெனிக்கும் தூண்டில் போட்டிருக்கிறது. வட கொரியாவில் சிறைப்படும் பிரிட்டிஷ் அணு விஞ்ஞானியைப் பற்றி நாடகம் தயாரித்து வந்த பிரிட்டிஷ் டெலிவிஷன் நிறுவனம் ஒன்றும் தப்பவில்லை. வேலை போன சோனி குமாஸ்தாவுக்கு பிரிட்டிஷ் நாடகத்தின் மேல் என்ன கோபம் இருக்க முடியும்? நோக்கம் எது என்பதை இந்த ஒரு விவரமே காட்டிக் கொடுத்து விடுகிறது. அப்படி ஓர் ஆளே இல்லை என்று வட கொரியா சாதித்தது. வழக்கில் அவர் இன்றுவரை கூண்டில் ஏறவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவமானத்துக்குப் பழிவாங்கக் கற்ற வித்தை பிறகு பணத்துக்குப் பயன்பட்டது. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போனது இதே கும்பலின் வேலை என்கிறது அந்தக் குற்றச்சாட்டு. இலங்கைக்குப் புறப்பட்ட 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுபவரின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைப் பார்த்து, இடையில் இருந்த வங்கி சந்தேகம் கிளப்பியதே காரணம். பிழை பார்க்கும் கண்ணுக்கு 2 கோடி டாலர் மதிப்பு!

2018 ஆகஸ்டில் புனே காஸ்மாஸ் வங்கியில் 94 கோடி ரூபாய் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஐ.நா. நிபுணர் குழு அதையும் வட கொரியாவின் கணக்கில் எழுதியது. ஆனால் 2023-ல் புனே நீதிமன்றம் தண்டித்தது, போலி கார்டுகளைக் கொண்டு ஏ.டி.எம்.களில் பணம் எடுத்துக் கொடுத்த வழக்கில் சிக்கிய 11 பேரைத்தான்.

சோனிக்கு வருவோம். கடிதங்கள் அம்பலமான ஸ்டூடியோ தலைவி ஏமி பாஸ்கல் 2015-ல் பதவி விலகி, அதே கம்பெனிக்குப் படம் எடுத்துத் தரும் தயாரிப்பாளரானார். விவரங்கள் பறிபோன சிப்பந்திகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனி தங்கள் விவரங்களைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 2016-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அடையாளத் திருட்டால் நஷ்டப்பட்டதை நிரூபித்தவருக்கு அதிகபட்சம் 10,000 டாலர். முன்னெச்சரிக்கையாகச் செலவழித்தவருக்கு அதிகபட்சம் 1,000 டாலர். மற்றவர்களுக்குத் தங்கள் பெயரில் யாராவது கடன் வாங்குகிறார்களா என்று கவனித்துச் சொல்லும் சேவை, 2017 முடியும் வரை.