கோளாற்றில் பிறந்த ஒலி

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் அமர்ந்திருக்கும் பொறியாளரை நீங்கள் பார்த்திருந்தால், அவருடைய கண் ஓயாமல் ஓர் அளவுகருவியின் மீதே படிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பேசுபவர் குரலைச் சற்று உயர்த்தினால் போதும். அக்கருவியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும். உடனே அவர் விரல் ஒரு குமிழைத் திருகி ஒலியைத் தணித்துவிடும். தணிக்காவிட்டால் குரல் கரகரத்துப் பிளந்து ஒலிக்கும். அதற்கு ஒலிச் சிதைவு என்று பெயர். அதனை விலக்குவதற்காகவே அவர் கற்றதெல்லாம். அந்தச் சிதைவை வேண்டுமென்றே உண்டாக்குவதற்காகச் செய்து, விலை வைத்து விற்கும் ஒரு சிறு கருவியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

இக்கருவி எனக்கு அறிமுகமானது என் அண்ணன் மகனால். கல்லூரியில் படிக்கும் அவன், கிதார் வாசிப்பதில் பேரார்வம் உடையவன். ஒருநாள் இரும்பாலான சிறு பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். காலால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான். மேலே மூன்று குமிழ்கள். கிதாரை அதில் இணைத்து, அதிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கம்பி கொடுத்து, ஒரு தந்தியை மீட்டினான். அறையில் நூறு வண்டுகள் புகுந்தாற்போல் இருந்தது. "காசு கொடுத்துக் கோளாற்றை வாங்கி வந்தாயா?" என்றேன். "ஆமாம், சித்தப்பா. இந்தக் கோளாறுதான் வேண்டும்" என்றான் அவன். அந்த விடை என்னைச் சிந்திக்க வைத்தது.

அக்கருவிக்கு ஃபஸ் பெடல் என்று பெயர். ஃபஸ் என்னும் ஆங்கிலச் சொல் நுண்ணிய மயிரையும் துய்யையும் குறிப்பது. பூசணிக்கொடியின் தண்டைத் தடவினால் விரலில் உறுத்துகிறதே, அந்தச் 'சுணை' என்னும் நம் சொல் இதற்கு மிக அண்மையில் வருகிறது. வழவழப்பான ஒலியின்மேல் சுணை முளைக்கச் செய்வது இப்பெட்டியின் வேலை.

அது எவ்வாறு நிகழ்கிறது? கிதாரின் தந்தி அதிரும்போது, அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் மிக மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. தந்தி ஆடுவதைப் போலவே அந்த மின்னோட்டமும் ஏறி இறங்கும். படமாக வரைந்தால் குன்றும் பள்ளமுமாகத் தோன்றும். ஃபஸ் பெடலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் இந்த அலையைப் பன்மடங்கு பெருக்க முயல்கின்றன. ஆனால் அவற்றுக்கு வலிமை தருவது ஒரு சிறிய பாட்டரி. அந்தப் பாட்டரியின் அழுத்தத்திற்கு மேல் எந்த அலையும் உயர முடியாது. தாழ்ந்த கூரையுள்ள அறையில் ஊஞ்சலை வேகமாக ஆட்டினால், ஆடுபவன் தலை கூரையில் இடிக்கும் அன்றோ? அப்படியே அலையின் உச்சியும் இடிபட்டுத் தட்டையாகிறது. குன்றின் தலையை அரிந்து மேடையாக்கினாற்போல் ஆகிவிடுகிறது.

உச்சியை அரிந்தால் ஒலியில் ஏதோ குறையும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையோ நேர்மாறானது. நொடிக்கு 110 முறை அதிரும் ஒரு சுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சியும் அடியும் சமமாக அரியப்பட்டால், முன்பு இல்லாத 330, 550, 770 என்னும் ஒற்றைப்படை மடங்குகள் ஒலியில் வந்து சேர்கின்றன. ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் அரியப்பட்டால் 220, 440 முதலிய இரட்டைப்படை மடங்குகளும் கூடுகின்றன. இவற்றையே மேற்சுரங்கள் என்கிறோம். சுணையாக நம் காதில் உறுத்துவது இம்மேற்சுரங்களின் கூட்டமே.

இத்தகைய உறுத்தலை மனிதன் விரும்பித் தேடுவது புதிதன்று. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலை நுழைத்து, அதனை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் பிறக்கும் இடத்தை வித்துவான்கள் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அந்த நூலை எடுத்துவிட்டால் ஒலி மழுங்கிவிடும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மக்கள் வாசிக்கும் எம்பிரா என்னும் கருவியில் கிளிஞ்சல்களையும் புட்டி மூடிகளையும் கட்டி வைப்பது, அது கலகலவென்று அதிர வேண்டும் என்பதற்காகவே. தூய ஒலிதான் இனிய ஒலி என்பது எல்லாரும் ஒப்பிய கொள்கையன்று.

மின்கிதாரின் சுணை முதலில் விபத்தாகத்தான் வந்தது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்னும் பாட்டைப் பதிவு செய்ய வந்த குழுவினரின் பெருக்கி வழியிலேயே பழுதுபட்டிருந்தது. ஸ்பீக்கரின் கூம்பில் தாளைத் திணித்து ஒருவாறு சமாளித்தார்கள். அந்தக் கரகரப்பு பதிவில் அப்படியே நின்றது. 1958இல் லிங்க் ரே என்பவர் விபத்துக்குக் காத்திராமல், தம் ஸ்பீக்கரின் கூம்பைப் பென்சிலால் தாமே குத்தித் துளைத்தார். அவருடைய 'ரம்பிள்' என்னும் இசைத்தட்டில் பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை. ஆயினும் அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதனை ஒலிபரப்ப மறுத்தன! சொல்லில்லாத ஓர் இசையைக் கண்டு நிலையங்கள் அஞ்சியது எனக்கு இன்றும் வியப்பே.

பெடல் பிறந்த கதை நாஷ்வில் நகரத்தது. அங்கு மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் 'டோன்ட் வொர்ரி' என்னும் பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. மென்மையான காதற்பாட்டு. இடையில் கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்திகள் கொண்ட பாஸ் கிதாரை வாசித்தார். அவருடைய இசை சென்ற வழியில், பதிவு மேசைக்குள்ளிருந்த மின்மாற்றி ஒன்று பழுதாயிற்று. இனிமையாக வரவேண்டிய நாதம், கிழிந்த துணியைப் போல் நார்நாராக வந்தது. இதனை நீக்கிவிட்டு மீண்டும் பதிவு செய்வதா, அப்படியே விடுவதா என்று அங்கிருந்தவர்கள் ஆராய்ந்தார்கள். விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. 1961இல் அந்தப் பாட்டு நாட்டுப்புற இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது.

அதன்பின் மற்ற இசைஞரும் அந்த நாதம் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தனர். ஆனால் பழுதான பகுதியோ அதற்குள் முற்றிலும் செயலற்றுப் போய்விட்டது. ஒரு கோளாற்றைப் பழுதுபார்த்து மீண்டும் கோளாறாக்க வேண்டிய நிலை! பதிவுப் பொறியாளராயிருந்த கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்னும் மற்றொரு பொறியாளருடன் கூடி, அதே நாதத்தைத் தரும் டிரான்சிஸ்டர்ச் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்ஸன் நிறுவனம் அதனை வாங்கி, 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெயரில் 1962இல் வெளியிட்டது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் இரண்டு சிறு பாட்டரிகளும் கொண்டது அது.

இதனைக் கொண்டு கிதாரில் எக்காளத்தின் ஒலியையும் செல்லோவின் ஒலியையும் எழுப்பலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அது ஒரு புதிய ஒலி என்று விற்றவர்களுக்கே தெரியவில்லை. வேறொன்றின் போலி என்றே கருதினார்கள். விற்பனை விரைவிலேயே மந்தமாயிற்று. 1965இல் இங்கிலாந்து நாட்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாடிஸ்ஃபாக்ஷன்' என்னும் பாட்டின் தொடக்க வரியை இப்பெடலில் வாசித்தார். அவரும் அதனைப் போலியாகவே எண்ணியிருந்தார். பின்னர் ஊதுகருவிகள் வந்து வாசிக்க வேண்டிய இடத்தில் ஓர் அடையாளமாக அதை இட்டு வைத்தார். ஊதுகருவிகள் வரவேயில்லை, பாட்டு அப்படியே வெளியாகி உலகெங்கும் பரவியது. கடைகளில் தேங்கிக் கிடந்த பெடல்கள் விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டில் ஓடிஸ் ரெடிங் அப்பாட்டை ஊதுகருவிகளோடே பாடிப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். போலி என்று எண்ணியது தன் காலில் நிற்பது விளங்கும்.

பின்வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1966இல் லண்டனில் வெளியான வட்டவடிவமான 'ஃபஸ் ஃபேஸ்' பெடலில் இரண்டே டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கையில், அல்லது காலில், அது பெரும்புகழ் பெற்றது. ஜெர்மானியம் வெப்பத்திற்கு நெகிழும் இயல்புடையது; மேடை சூடேறினால் ஒலியும் மாறிவிடும். பின்னர் வந்த சிலிக்கன் டிரான்சிஸ்டர்கள் இக்குறையைப் போக்கின. ஆனால் ஒலி கூர்மையாயிற்று. 1969இல் நியூயார்க்கில் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'பிக் மஃப்' நான்கு டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, அலையை இருமுறை அரிந்தது. சியாட்டில் நகரத்து மட்ஹனி குழுவினர் 1988இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்' என்று இரண்டு பெடல்களின் பெயரையே சூட்டினார்கள்.

இனி என் அண்ணன் மகனிடம் வருவோம். பெடலை வாங்கிய சில நாட்களில் அவன் முகம் வாடியிருந்தது. இசைத்தட்டுகளில் கேட்கும் பெரும் பாரம் தன் வாசிப்பில் வரவில்லை. குமிழைக் கடைசிவரை திருகினாலும் சேறு கலக்கினாற்போல் இருக்கிறதேயன்றிக் கனம் இல்லை. இதை விற்றுவிடப் போகிறேன் என்றான். வாசித்துக் காட்டச் சொன்னேன். அவன் மூன்று சுரங்களைச் சேர்த்து முழுக் கூட்டாக மீட்டினான். நடுச்சுரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வாசி என்றேன். மீட்டியவன் திகைத்து நின்றான். மேசைமேல் இருந்த தம்ளர் அதிர்ந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான். நொடிக்கு 110 அதிர்வுள்ள சுரத்தையும், அதன் பஞ்சமமாகிய 165 அதிர்வுள்ள சுரத்தையும் சேர்த்து அரிந்தால், அவற்றின் மடங்குகள் மட்டுமின்றி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் சுரங்களும் பிறக்கின்றன. 165இலிருந்து 110ஐக் கழித்தால் 55. 110இன் இருமடங்காகிய 220இலிருந்து 165ஐக் கழித்தாலும் 55. இந்த 55 யாரும் மீட்டாத சுரம். வழக்கமாகச் சுருதி கூட்டிய கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியே நொடிக்கு ஏறத்தாழ 82 முறைதான் அதிரும். ஆக, கிதாரில் இல்லாத ஒரு தந்தி பெட்டிக்குள்ளிருந்து ஒலிக்கிறது. பாரம் என்று நாம் உணர்வது அதையே.

நடுவில் மூன்றாவது சுரம் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? கிதாரின் கட்டைகள் சமப்பகுப்பு முறையில் அமைந்தவை. ஆதலால் அந்த நடுச்சுரம் சுமார் 138.6 ஆகிறது. அதன் இருமடங்கிலிருந்து 110ஐக் கழித்தால் 167.2 வரும். ஏற்கெனவே அங்கே 164.8 இருக்கிறது. (பஞ்சமமும் இம்முறையில் சரியாக 165 அன்று, மயிரிழை குறைவு.) இவ்விரண்டும் அருகருகே நின்று உரசுகின்றன. இவ்வாறே இன்னும் பல உரசல்கள். அவற்றைத்தான் அவன் சேறு என்றான். தூய ஒலியில் இனிமையாயிருந்த கூட்டு, சிதைவில் பூசலாகிவிடுகிறது. கனமான இசை வாசிப்போர் பெரும்பாலும் இரண்டு சுரங்களோடு நின்றுவிடுவது சோம்பலால் அன்று.

குமிழை எவ்வளவு திருகுவது என்பதிலும் அவன் தவறியிருந்தான். ஃபஸ் குமிழ் உயர உயர, மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒலி ஒரே அளவாகிறது; எல்லா அலையும் அதே கூரையில் முட்டுவதே காரணம். கையின் நயம் மறைந்துபோகும். பெடலை உயர்த்தி வைத்துக் கிதாரிலுள்ள குமிழைக் குறைத்தால், ஃபஸ் ஃபேஸ் போன்ற பெடல்களில் சுணை உதிர்ந்து ஒலி தெளியும். மீண்டும் உயர்த்தினால் சுணை முளைக்கும். இதற்காகவே அவ்வகைப் பெடலைக் கிதாரை அடுத்து முதலாவதாக இணைப்பார்கள். தனியறையில் மலைபோல் கேட்கும் பிக் மஃப், டிரம்மும் பாஸும் சேர்ந்தவுடன் ஒளிந்துகொள்வதும் உண்டு. அதன் ஒலியில் நடுப்பகுதி பள்ளமாயிருப்பதே காரணம். ஒலிபெருக்கியில் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தினால் மீண்டும் வெளிப்படும்.

இரைச்சலான இசையில் கடினமான கலை மௌனமே என்று சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். வாசிக்காத நேரத்தில் இப்பெட்டி சும்மா இருப்பதில்லை. வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி முனகலையும், தந்தியில் விரல் படும் ஒலியையும் அதே ஆர்வத்தோடு பெருக்குகிறது. ஆதலின் வலது உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அணைத்து அடக்கவும், மீட்டாத தந்திகளை இடது விரல்களால் தொட்டு நிறுத்தவும் பழக வேண்டும். ஸ்பீக்கரை நோக்கி நின்றால் அதன் ஒலியே தந்தியை மீண்டும் அதிரச் செய்து ஊளையிடும். அந்த ஊளையும் பயனுள்ளதே. நிற்கும் இடத்தையும் கோணத்தையும் மாற்றி அதனைச் சுரமாக்கியவர்கள் உண்டு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் காலை அவன் தன் காதில் ஓயாத ரீங்காரம் கேட்பதாகச் சொன்னான். முந்தைய நாள் நண்பர்களோடு சிறிய அறையொன்றில் மூன்று மணி நேரம் வாசித்திருந்தான். இதற்கும் கணக்கு உண்டு. உச்சி ஒரே உயரமாயினும், தட்டையாக அரிந்த அலை, அரியாத அலையைப் போல் இருமடங்கு ஆற்றலைச் சுமக்கிறது. தொழிலாளர் நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி. 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அவனுடைய ரீங்காரம் இரண்டு நாட்களில் அடங்கியது. இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைக் காதுக்கு நேராக வையாமல், குமிழைப் பாதிக்குமேல் திருகாமல் வாசிக்கிறான். மாலையில் அவன் அறையைக் கடந்து போகும்போது, அந்த 55 என் காதுக்கு எட்டுவதற்கு முன்பே சன்னல் கண்ணாடியில் தெரிகிறது.