பதினைந்து வருஷம் கழித்து மறுபடியும் உப்புத்தண்ணித் தொட்டி

பரணில் கிடந்த மூணடித் தொட்டியை இறக்கிவிட்டேன். ஏரல்காரர்கள், 'ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு கடல்மீன் எதுக்குடே?' என்கிறார்கள். நியாயமான கேள்விதான்!

இதற்குள் திரும்ப வருகிறவர்கள் முதலில் தேடுவது பவளத்தை. நம் கடலிலிருந்து எடுக்கவே கூடாது. 2001-இல் கல் பவளங்கள் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குப் போய்விட்டன. புலி இருக்கிற அதே பட்டியல். ஒருகாலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் படகு படகாக வெட்டி எடுத்த பாறை இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். தொட்டி ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் சட்டம் சரி என்றே படுகிறது.

ஆக, பவளத்துக்குப் பதில் செராமிக் கல், பண்ணையில் பொரித்த கோமாளி மீன். கல்லில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது.

தண்ணிக்குப் புன்னைக்காயல் பக்கம் போகாதீங்க. தாமிரபரணி கலக்கிற இடம், உப்பு குறைஞ்சிருக்கும். லிட்டருக்கு 35 கிராம் வேணும்.

பெரிய தலைவலி நம்ம ஊர் வெயில். தண்ணி 26 டிகிரியில் நின்றால் நல்லது. 2016-இல் கடலே சூடாகி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன, தொட்டி எம்மாத்திரம்? தண்ணி மேல் சின்ன ஃபேன் வைத்தால் ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனால் தண்ணியும் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் வற்றின அளவுக்கு ஆர்.ஓ. தண்ணியைத்தான் ஊற்றணும், உப்புத்தண்ணியை இல்லை.