அப்பாவின் நடையும் எக்செல் கணக்கும்

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்யும் என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் காலையில் நடக்கிறார். நடக்கும்போது உடல் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவழிக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரிலேயே கணக்கிடலாம்.

எக்செல்லைத் திறந்து, ஒரு செல்லில் =0.1*80+3.5 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 80 என்பது சமதரையில் நிமிடத்திற்கு நடக்கும் மீட்டர். விடை 11.5. அதாவது, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்திற்கு 11.5 மில்லிலிட்டர். இது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் தந்த சமன்பாடு.

"இவ்வளவு செலவாகுதா? அப்போ இன்னொரு இட்லி வை" என்றார் அப்பா.

அவசரம் வேண்டாம்! 3.5 என்பது ஓய்வாக இருக்கும்போது ஆகும் செலவு. 2005-ல் வெளியான ஆய்வில் 769 பேரை அளந்தபோது சராசரி 2.6 தான் வந்தது. ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தால் உண்மைச் செலவு இன்னும் குறையும். எக்செல் கூட்டலில் தவறாது. நாம் தரும் எண்தான் எல்லோருக்கும் பொருந்தாது.

இட்லிக் கணக்கை மட்டும் டாக்டரிடமே கேளுங்கள்!