வாக்கிங் போறீங்களா?... ரூட்டை முதல்ல பாருங்க! ரோட்டை கடக்காமல் நடக்க சுலப வழி

கோவை,

விடிவதற்கு முன்பே கோவை ரேஸ்கோர்ஸ் களை கட்டி விடுகிறது. பெரியவர்கள் கையை வீசி நடக்க, இளசுகள் ஓட்டமாய் ஓட, நடைபாதை முழுக்க ஒரே கூட்டம்தான். இங்குள்ள வட்டப்பாதை சுமார் 2½ கிலோ மீட்டர். வேகமாக நடந்தால் ஒரு ரவுண்டுக்கு அரை மணி நேரம் ஆகும். வாரத்துக்கு குறைந்தது 150 நிமிட உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் 5 நாள், தினமும் ஒரு ரவுண்டு போனால் கணக்கு சரியாகி விடும்.

ஆனால் எல்லோருக்கும் ரேஸ்கோர்ஸ் பக்கத்திலேயே வீடு இருக்குமா? உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளிலும் நடைபாதை இருக்கிறது. அங்கே போக முடியாத கணபதி, வடவள்ளி, சிங்காநல்லூர்க்காரர்கள் பலருக்கு வீட்டை ஒட்டிய ரோடுதான் கதி. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

32 ஆயிரம் பேர் பலி

2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தனர். இதில் 32 ஆயிரத்து 825 பேர் நடந்து சென்றவர்கள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. அதாவது பலியான 5 பேரில் ஒருவர் பாதசாரி.

60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் தூரம் பாய்ந்து விடும். 7 மீட்டர் அகல ரோட்டை ஒருவர் கடக்க 6 வினாடியாவது ஆகும். அதற்குள் அந்த கார் 100 மீட்டரை தாண்டி வந்து விடும். 'தூரத்துலதானே வருது, போயிடலாம்' என்று காலை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். அதனால் ரோட்டை கடக்கவே தேவையில்லாத ரூட்டுதான் நல்ல ரூட்.

கோவிலை வலம் வருவது போல...

அப்படி ஒரு ரூட்டை கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். நடைமேடை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடக்க வேண்டும். நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போவதால், வலது ஓரம் நடப்பவருக்கு வண்டி எதிரே வருவது கண்ணில் படும். இடது ஓரம் நடந்தால் முதுகுக்கு பின்னால் வரும் வண்டி தெரியாது.

அதே வலது ஓரத்தை விடாமல், ஒவ்வொரு முனையிலும் வலது பக்கமே திரும்பினால், கோவிலை வலம் வருவது போல ஒரு சுற்று சுற்றி புறப்பட்ட இடத்துக்கே வந்து விடலாம். ஒரு ரோட்டை கூட கடக்க வேண்டாம். 500 மீட்டர் சுற்று என்றால் 5 ரவுண்டில் 2½ கிலோ மீட்டர் முடிந்தது. தூரத்தை டூவீலர் மீட்டரிலேயே அளந்து கொள்ளலாம். தலைசுற்றல், நெஞ்சுவலி என்று ஏதாவது வந்தாலும் வீடு பக்கத்திலேயே இருக்கும். 108 ஆம்புலன்சுக்கு இடம் சொல்வதும் சுலபம்.

பகலில் ஒரு முறை பாருங்க

புது ரூட்டில் இருட்டோடு கிளம்பக்கூடாது. பகலில் ஒரு முறை நடந்து பார்த்து, சாக்கடை மூடி உடைந்த இடம், எரியாத தெருவிளக்கு, நாய்க்கூட்டம் நிற்கும் மூலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கோவையில் சூரியன் உதிக்கவே 6½ மணி ஆகி விடும். அந்த நேரத்தில் கறுப்பு சட்டை வேண்டாம். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் நிறம்தான் டிரைவர் கண்ணில் படும். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் ஹாரன் கேட்காது. பெண்கள் ஆள் நடமாட்டம் உள்ள தெருவில், துணையோடு போவது நல்லது. நகையை வீட்டிலேயே வைத்து விடலாம்.

நாய் துரத்தினால் ஓடக்கூடாது. ஓடினால் அதுவும் விடாது. கடித்து விட்டால் காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி விட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போய் தடுப்பூசி போட வேண்டும்.

8 கிலோ மீட்டர் பாதை

தமிழக அரசு 2023 நவம்பர் 4-ந்தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை தொடங்கியது. இதில் மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதை தேர்வு செய்யப்பட்டது. 8 கிலோ மீட்டர் நடக்க 1½ மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிதாக நடப்பவர்கள் முதல் நாளே முழு தூரத்தையும் முயற்சி செய்ய வேண்டாம். 2 கிலோ மீட்டரில் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமாக கூட்டலாம்.

நடைமேடை யாருக்கு?

குடியிருப்பு பகுதி நடைமேடையில் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த விதி. தடையில்லாத நடைமேடை பாதசாரிகளின் அடிப்படை உரிமை என்று 2025 மே 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் கூறி விட்டது. ஆனால் பல தெருக்களில் நடைமேடை மேல் டூவீலரும், கடை போர்டும், டிரான்ஸ்பார்மரும்தான் நிற்கிறது. நடப்பவர் ரோட்டில் இறங்க வேண்டியதாகிறது.

நீங்கள் சுற்றும் பாதையில் இப்படி அடைப்பு இருந்தால், தெரு பெயர், இடம், போட்டோவோடு வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிலும் மனு கொடுக்கலாம். தெருக்காரர்கள் பத்து பேர் சேர்ந்து கையெழுத்து போட்டு கொடுத்தால் மனுவுக்கு பலம் கூடும்.